திரையில் இல்லாத பொத்தான்

முதஸ்ஸிரை யாராவது புகழ்ந்துவிட்டால் அவனுக்கு மூக்கு அரிக்கும். ஒரு விரலால் சொறிந்துகொண்டே, "அதெல்லாம் ஒன்னுமில்லீங்க" என்பான். ஒன்றுமில்லை என்று அவன் ஒருநாளும் நினைத்ததில்லை. இன்னும் ரெண்டு வார்த்தை சொல்ல மாட்டார்களா என்றுதான் காது காத்துக்கொண்டிருக்கும்.

பெருமாநல்லூரில் ரத்தினசாமியின் பனியன் கம்பெனியில் அவன் கம்ப்யூட்டர் ஆள். சேர்ந்த புதிதில் மூக்குக்கு வேலையே இருக்கவில்லை. பிரிண்டரில் தாள் சிக்கினால் கூப்பிடுவார்கள். நெட் வரவில்லை என்றால் கூப்பிடுவார்கள். முதலாளி வீட்டு டிவியில் சேனல் தெரியவில்லை என்றாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அவனுடைய அத்தா காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட்டில் மிஞ்சிய பனியன்களை வாங்கி விற்கிறவர். "கடையில உக்காருடா" என்று அவர் சொன்னபோது, "நான் புரோகிராம் எழுதப் பொறந்தவன் அத்தா" என்று பெரிதாகப் பேசிவிட்டு வந்தவன் இவன். ரிமோட்டில் பேட்டரி மாற்றிவிட்டு வந்த கதையை அவரிடம் எப்படிச் சொல்வது? சொல்லவில்லை.

அவனுக்கு விடிவு செக்கிங் டேபிளில் இருந்து வந்தது. தைத்து முடித்த ஒவ்வொரு பீஸையும் அங்கே விரித்து, திருப்பி, இழுத்துப் பார்ப்பார்கள். முன்பெல்லாம் குறை கண்ட இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தனியாகப் போடுவார்கள், அவ்வளவுதான். சரக்கு வாங்குகிற பையர்கள் கம்ப்யூட்டர் கணக்குக் கேட்க ஆரம்பித்த பிறகு டேபிளுக்கு ஒரு டேப்லெட், சுருக்கமாக டேப், வந்து உட்கார்ந்தது. ஓட்டை என்றால் அதற்கு ஒரு பொத்தான், கறை என்றால் அதற்கு ஒன்று, குறை இல்லையென்றால் 'சரி'. ஏதாவது ஒன்றை அமுக்கினால்தான் திரை அடுத்த பீஸுக்கு நகரும். ஆனால் ஒவ்வொரு ஸ்டைலுக்கும் குறை வேறு. டி-சர்ட்டில் காலர் கோணும், பைஜாமாவில் எலாஸ்டிக் முறுக்கும். ஆக, ஆர்டர் மாறினால் திரையும் மாறவேண்டும். ஃப்ளோர் இன்சார்ஜ் தங்கராஜ் வாரம் தவறாமல் வந்து நிற்பார். "தம்பி, அந்த ஸ்கிரீன்ல ஒரே ஒரு பட்டன் சேத்துப்போடுங்க. சின்ன வேலைதானுங்க." அவருக்கு எல்லாமே சின்ன வேலை.

சேர்த்துச் சேர்த்து அலுத்துப்போன முதஸ்ஸிர் ஒரு முடிவுக்கு வந்தான். திரையை இனி அவன் கட்டப்போவதில்லை. என்ன வேண்டும் என்று அவர்களே எழுதித் தரட்டும், எழுதியதைப் படித்து ஒரு புரோகிராம் திரையைக் கட்டிக்கொள்ளட்டும். அதற்காகத் தமிழிலேயே ஒரு குட்டி மொழியை உண்டாக்கினான்.

திரை "டி-சர்ட்"
பெட்டி "துணி"
பொத்தான் "ஓட்டை"
பொத்தான் "கறை"
முடிவு
முடிவு

திறந்த பெட்டியையும் திரையையும் 'முடிவு' போட்டு மூடவேண்டும், இவ்வளவுதான் அந்த மொழி. இதைப் படிக்கிற புரோகிராமுக்குப் பார்சர் என்று பெயர். அவன் எழுதியது ரிகர்சிவ் டிசென்ட் வகை, அதாவது மேலிருந்து ஒவ்வொரு அடுக்காக உள்ளே இறங்குவது. பேக்கிங் ஆளிடம் ஒரு கார்ட்டனைக் கொடுத்து, "உள்ளே பீஸ் இருந்தால் எடுத்து வை, இன்னொரு பெட்டி இருந்தால் அதையும் இதே மாதிரி பிரி" என்று சொல்லிவிட்டால் போதும் அல்லவா? எத்தனை பெட்டிக்குள் எத்தனை பெட்டி இருந்தாலும் அவன் பிரித்துவிடுவான். அப்படித்தான் இதுவும். பெட்டியைப் படிக்கிற பகுதி, உள்ளே இன்னொரு பெட்டியைக் கண்டால் தன்னையே திரும்பக் கூப்பிட்டுக்கொள்ளும். இதற்கென்று ரெடிமேடாகக் கிடைக்கிற எதையும் அவன் தொடவில்லை. ஒவ்வொரு வரியும் அவன் கையால் எழுதியது. பெட்டிக்குள் பெட்டி முதல்முறையாகத் திரையில் வந்து நின்ற வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வந்தவன் சாப்பிடக்கூட மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தச் சந்தோஷம் நிஜமானது. அதை நாம் குறை சொல்ல வேண்டாம்.

திரைகளை எழுதும் வேலை தரணிக்கு வந்தது. முதலாளியின் அக்கா மகள், ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்சண்டைசிங் பிரிவில் இருக்கிற சூட்டிகையான பெண். அவள் ரெண்டே நாளில் பிடித்துக்கொண்டாள். வினை வந்தது ரத்தினசாமியால். சேவூரில் இன்னும் தோட்டம் வைத்திருக்கும் மனிதர், யாரையும் கடிந்து ஒரு சொல் பேசியவர் இல்லை. ஒருவனை வேலையை விட்டு அனுப்புவதாக இருந்தால்கூட, "ஊட்டுல எல்லாரும் சௌக்கியமுங்களா?" என்றுதான் ஆரம்பிப்பார். பையர் ஆட்கள் வந்திருந்த நாளில், நாமும் ஒரு திரை எழுதிக் காட்டலாமே என்று அவருக்கு ஆசை வந்துவிட்டது. எழுதினார், ஒரு 'முடிவு' விட்டுப்போனது. டேப் முழுக்கச் சிவப்பாகி, 'தவறு' என்று பெரிய எழுத்தில் காட்டியது. வந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், காது மட்டும் சிவந்துபோனது.

அவர்கள் போன பிறகு முதஸ்ஸிரைக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். "கண்ணு, உன்ற புரோகிராம் அருமைதான். ஆனா மெசின் ஒரு ஆளோட மூஞ்சியப் பாத்துத் தப்புன்னு சொல்லலாமுங்களா? நாமளே அப்புடிப் பேசமாட்டமே."

"புரியலைன்னா அது வேற என்னங்க பண்ணும்?"

"புரியாததை விட்டுப்போட்டு, புரிஞ்சதைப் பண்ணட்டும். நாம அப்படித்தான பொழைக்கிறோம்?"

முதஸ்ஸிருக்கு அது தவறான யோசனை என்று தெரியும். கல்லூரியில் முதல் வருடம் படித்த பையனுக்குக்கூடத் தெரியும். ஆனால் முதலாளி 'அருமை' என்று சொல்லியிருக்கிறாரே! மூக்கைச் சொறிந்துகொண்டு, "பண்ணிரலாமுங்க" என்றான். அன்று மாலைக்குள் பார்சர் நம்மூர் மரியாதையைக் கற்றுக்கொண்டது. புரியாத இடம் வந்தால் அதன் 'முடிவு' வரைக்கும் சத்தமில்லாமல் தாண்டிப்போய், மிச்சத்தை வைத்து அழகான திரையாகக் கட்டிக் கொடுத்துவிடும். யார் மனமும் நோகாது.

சும்மா இருந்தானா? தரணி ஒருநாள், "அண்ணா, எதுக்குள்ள எதை வெக்கலாம்னு ஒரு ரூல் இருக்குதுங்களா?" என்று கேட்டாள். பெட்டிக்குள் பெட்டி வரும், பெட்டிக்குள் பொத்தான் வரும். பொத்தானுக்குள் எதுவும் வராது, அதை அவன் இன்னும் எழுதவில்லை. அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் பக்கத்தில் நாலு பேர் நின்றிருந்தார்கள். "எதுக்குள்ள எதை வேணுமுன்னாலும் வைங்க தரணி. அது நான் எழுதுனது" என்றான்.

இனி செல்லத்தாய் அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, இங்கேயே பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்தவர். செக்கிங்கில் அவரே மூத்தவர். நாலாம் டேபிள் அவருடையது. முதஸ்ஸிர் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், கேண்டீனில் தட்டோடு எங்கே உட்காருவது என்று விழித்துக்கொண்டு நின்றவனை, "இங்கன வாங்க தம்பி" என்று இடம் ஒதுக்கிக் கொடுத்தவர். அவன் கல்யாணத்துக்கு வந்து பிரியாணி சாப்பிட்டுவிட்டு, மணப்பெண் சனோபரின் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனவர். நோன்பு மாதத்தில் பள்ளிவாசல் கஞ்சியை ஒரு தூக்கில் வாங்கி, முதலில் நாலாம் டேபிளுக்குத்தான் கொண்டுபோவான்.

கைக்குழந்தைகளுக்கான ரோம்பர் ஆர்டர் ஒன்று வந்தது. சின்ன ஆர்டர், ஒரே டேபிள் பார்த்தால் போதும். தங்கராஜ் அதைச் செல்லத்தாய் அக்காவிடம் கொடுத்தார். சட்டையும் காலும் ஒன்றாகத் தைத்த ரோம்பரில் கால் நடுவே, அமுக்கி மூடும் டிச் பட்டன்கள் வரிசையாக இருக்கும். அதில் ஒன்று கழன்றால் குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும். அதனால் டிச் விஷயத்தில் பையர் கண்டிப்பு. தரணி அக்கறையோடு எழுதினாள். 'டிச்' என்று ஒரு பொத்தான், அதை அமுக்கினால் எந்த டிச், கழன்றதா, இறுகியதா, துணி கிழிந்ததா என்று கேட்க அதற்குள்ளேயே ஒரு பெட்டி. நல்ல யோசனை. எதற்குள் எதை வேண்டுமானாலும் வைக்கலாம் என்று அண்ணன்தான் சொல்லியிருக்கிறாரே.

பார்சர் பொத்தானுக்குள் பெட்டியைக் கண்டது, அதற்குப் புரியவில்லை, மரியாதையாகத் தாண்டிவிட்டது. டிச் என்ற பொத்தானே திரைக்கு வரவில்லை. ஓட்டை, கறை, தையல், அளவு என்று மற்றதெல்லாம் பளிச்சென்று வந்தன. தரணி ஒரு பார்வை பார்த்தாள். சிவப்பாக ஒன்றும் வரவில்லை, அப்படியானால் சரியாகத்தான் இருக்கும் என்று அனுப்பிவிட்டாள்.

செல்லத்தாய் அக்கா டிச்சை இழுத்துப் பார்த்தார். சிலது கையோடு வந்தது. திரையில் தேடினார். தங்கராஜைக் கூப்பிட்டு, "அண்ணே, டிச்சுக்குப் பொத்தானைக் காணல" என்றார். தங்கராஜ் வேறு தையல் லைனில் சண்டையைத் தீர்த்துக்கொண்டிருந்தார். "இருக்குமுங்க, நல்லாப் பாருங்க" என்று அங்கிருந்தே சொன்னார். அக்கா மறுபடியும் தேடினார். எதையாவது அமுக்காமல் திரை நகராதே. கழன்ற பீஸில் பழையபடி சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டித் தனி டிரேயில் போட்டுவிட்டு, திரையில் 'சரி'யை அமுக்கினார். பேக்கிங்கில் திரைக் கணக்கை எடுத்தார்கள். எல்லாம் சரி என்று இருந்தது, ஆனால் பீஸ் குறைந்தது. டிரேயில் இருந்ததைச் சரிசெய்து வந்த பீஸ் என்று நினைத்து, ஸ்டிக்கரை உரித்துவிட்டு அதையும் சேர்த்துப் பேக் செய்துவிட்டார்கள்.

பையரின் ஆள் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்து ஒரு கார்ட்டனைப் பிரித்து, ஒரு ரோம்பரை எடுத்து இழுத்தார். டிச் கையோடு வந்தது. மொத்த லாட்டும் ஃபெயில்.

மறுநாள் காலை தரணி முதஸ்ஸிருக்குப் போன் செய்தாள். "அண்ணா, டிச்சுல ஒரு ரிஜெக்ட் கூடக் கணக்குல வரலைங்க. எப்படீங்க?" அவன் அவள் எழுதியதைத் திறந்தான். ஒரே பார்வைதான், அவனுக்குப் புரிந்துவிட்டது. பொத்தானைப் படிக்கிற பகுதியில் நாலைந்து வரி சேர்த்தால் போதும். உள்ளே பெட்டி வந்தால் பெட்டிப் பகுதியைக் கூப்பிடு. வெறும் நாலைந்து வரி. எழுதினான், எல்லா டேபுக்கும் அனுப்பினான். முதலில் சரி பண்ணிவிடுவோம், பிறகு சொல்லிக்கொள்வோம் என்று நினைத்தான். அந்த நிமிடம் அவன் மனதில் கள்ளம் இருக்கவில்லை என்று வேண்டுமானால் ஒப்புக்கொள்ளலாம். சனியன், அடுத்த நிமிடம்தான் வந்து உட்கார்ந்தது.

"முதலாளி ஃப்ளோருக்கு வரச் சொன்னாருங்க" என்று ஆள் வந்தது.

நாலாம் டேபிளைச் சுற்றிக் கூட்டம். ரத்தினசாமி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். செல்லத்தாய் அக்கா முந்தானையை இழுத்துச் செருகியபடி, "இல்லண்ணே, பொத்தானே இல்ல. அதான் உங்ககிட்டயும் சொன்னேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். தங்கராஜ் டேபைக் கையில் எடுத்து, ரோம்பர் திரையைத் திறந்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"இல்லைங்கறீங்களே, அப்பொ இது என்னதுங்க?"

டிச். கொட்டை எழுத்தில், நட்டநடுவில் இருந்தது.

அக்கா அதையே பார்த்தார். குனிந்து பார்த்தார். விரலால் தொட்டுப் பார்த்தார். அது பணிவாகத் திறந்து, எந்த டிச் என்று கேட்டது. பின்னால் யாரோ சிரித்தார்கள். அக்கா நிமிர்ந்து முதஸ்ஸிரைப் பார்த்தார்.

"தம்பி, நேத்து இது இருந்துச்சா?"

அவன் வாயைத் திறந்தான். அதற்குள் ரத்தினசாமி குறுக்கிட்டு, "அவனை எதுக்குங்க கேக்கறீங்க, அவன் என்ன பண்ணுவான்" என்றார். "போகட்டும் விடுங்க. வயசாகுதல்லொ, நமக்கெல்லாம் கண்ணு முன்ன மாதிரி இருக்குமுங்களா?"

முதஸ்ஸிர் திறந்த வாயை மூடிக்கொண்டான். சொல்லுவதற்கு இடம் இருந்தது, நேரம் இருந்தது, கூட்டமும் உடனே கலையவில்லை. அவன் அங்கேயே நின்று டேபின் சார்ஜர் ஒயரைச் சுருட்டினான். சுருட்டவேண்டிய அவசியமே இல்லாத ஒயர்.

யாரும் அக்காவைத் திட்டவில்லை. இந்த ஊரில் அப்படியெல்லாம் திட்டமாட்டார்கள். "கண்ணுக்குச் சிரமமில்லாத வேலையாப் பாத்துக்குங்க" என்று பிசிறு வெட்டும் இடத்துக்கு மாற்றினார்கள். தைத்த பீஸில் தொங்கும் நூலைக் கத்தரிக்கிற வேலை அது. புதிதாக வருகிறவர்களை உட்காரவைக்கிற இடம். நாலாம் டேபிளுக்கு வேறொரு பெண் வந்தாள். அக்கா தன் ஸ்டிக்கர் டப்பாவை அவளிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு முதஸ்ஸிர் மேலே போகப் பின்பக்கப் படிக்கட்டைப் பயன்படுத்த ஆரம்பித்தான். முன்பக்கப் படி பிசிறு வெட்டும் இடத்தை ஒட்டிப் போகிறது. கேண்டீனுக்குப் போகாமல் டிபன் டப்பாவைத் தன் அறையிலேயே திறந்தான். பேச்சுக்கு ஒரு நியாயம் தயாரித்தும் வைத்திருந்தான்: மரியாதையாக இருக்கச் சொன்னது முதலாளி, பார்க்காமல் அனுப்பியது தரணி, காதில் வாங்காதது தங்கராஜ். எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த நியாயத்தை யாரிடமும் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் யாரும் அவனைக் கேட்கவே இல்லை. பையர் ஆட்கள் மறுபடி வந்தபோது ரத்தினசாமி அவன் தோளில் கைபோட்டு, "இவுரு நம்ம பையனுங்க. எல்லாம் இவரு மூளைதான்" என்றார். அவனுக்கு மூக்கு அரிக்கவில்லை. கூசியது. உடம்பு முழுக்கக் கூசியது.

சனோபர் கவனித்துவிட்டாள். கல்யாணமான பெண்ணுக்கு டிபன் டப்பாவில் திரும்பி வருகிற சோறு போதும். "என்னங்க, செல்லத்தாய் அக்கா எப்படி இருக்காங்க?" என்று சும்மாதான் கேட்டாள். அவன் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு விடாமல் பிடித்துக்கொண்டாள். எல்லாவற்றையும் சொன்னான். அவள் திட்டவில்லை, அழவில்லை. "அவங்க கேட்டப்ப நீங்க எங்க நின்னுக்கிட்டு இருந்தீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"பக்கத்துலதான்."

அவள் எழுந்து போய்த் துணி மடிக்க ஆரம்பித்தாள். அதற்குப் பிறகும் அவன் சொல்லிவிடவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே இருந்தான். ஒரு மனிதன் தன் வெட்கத்தை எத்தனை நாள் சோறு போட்டு வளர்ப்பான் என்பதற்குக் கணக்கில்லை.

ஒருநாள் மதியம் அவன் அறைக்கதவைத் தட்டிக்கொண்டு செல்லத்தாய் அக்காவே வந்து நின்றார். முகத்தில் புதுக் கண்ணாடி, தடித்த கறுப்புச் சட்டம். காதுக்கு இன்னும் பழகாமல் ஒரு பக்கம் ஏறியிருந்தது.

"சாப்பிட்டியளா தம்பி? ஒரு உதவி வேணும். அந்த ரோம்பர் திரையை எனக்கு ஒருக்காக் காட்டுவியளா?"

"எதுக்குங்க்கா?"

"பழகிக்கிடத்தான். தங்கராஜ் அண்ணன்ட்ட இன்னொருக்காக் கேட்டுப் பாக்கலாம்னு இருக்கேன். கண்ணு டாக்டர், உங்க வயசுக்கு இருக்க வேண்டிய பவருதாம்மா, பெருசா ஒண்ணுமில்லன்னாரு. அவருக்கு என்ன தெரியும்? அவ்வளவு பெரிய பொத்தான் எனக்குத் தெரியலையே. நாந்தான் மல்லுக்கட்டி, கூடுதலாப் போட்டுக் குடுங்கன்னு வாங்கிட்டு வந்தேன். தலை வலிக்கத்தான் செய்யுது, பழகிரும்."

அவன் கை டேபை எடுத்துக் கொடுத்தது. அக்கா அதை முகத்துக்குக் கிட்டே பிடித்து, ஒவ்வொன்றாக விரல் வைத்து எழுத்துக்கூட்டினார். "இது ஓட்டை. இது கறை. இது தையலு. இந்தா, டிச்சு." முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியளா, கண்ணாடி போட்டதும் தெரியுது! நீங்க அம்புட்டு அழகாப் பண்ணிக் குடுத்திருக்கிய. குருடி நான், இல்லவே இல்லன்னு அத்தன பேரு முன்னால சாதிச்சேனே. உங்க வேலையவில்ல குறை சொன்ன மாதிரி ஆயிருச்சு. மனசுல வச்சுக்கிடாதிய தம்பி."

அங்கேயே அவர் காலில் விழுந்திருந்தால் முதஸ்ஸிருக்கு எளிதாக இருந்திருக்கும். அறைக்குள் யாரும் இல்லை, அக்கா மன்னித்துவிடுவார், விஷயம் அங்கேயே முடிந்துவிடும். அந்த எளிதான வழியை அவன் பார்த்தான், பார்த்ததற்காகவும் வெட்கப்பட்டான். "நாளைக்குக் காலைல நாலாம் டேபிளுக்கு வாங்க்கா. தங்கராஜ் அண்ணன்கிட்ட நானே பேசறேன்" என்று மட்டும் சொன்னான். அக்கா சந்தோஷமாகப் போனார்.

புரோகிராம் எழுதுகிறவர்கள் பழையதை அழிப்பதில்லை. அந்த ரோம்பர் நாளுக்குரிய பார்சர் அப்படியே பத்திரமாக இருந்தது. அதை ஒரு டேபில் ஏற்றினான். தரணி எழுதியதை, ஒரு எழுத்தும் மாற்றாமல் அதற்குக் கொடுத்தான். திரை வந்தது. ஓட்டை, கறை, தையல், அளவு. பார்க்க எவ்வளவு நறுவிசாக இருந்தது! எதுவும் விடுபட்டது போலவே தெரியவில்லை.

காலையில் முதலில் ரத்தினசாமியிடம் போய் விஷயத்தைச் சொன்னான். அவர் எழுந்து அறைக்கதவைச் சாத்தினார். "சரி கண்ணு. ரூமுக்கே அந்தம்மாவக் கூப்புட்டுப் பேசிக்கலாம். எல்லாத்து முன்னாலயும் எதுக்கு? உனக்குத்தான் சங்கடம்."

"அங்கதானுங்க அவங்களச் சொன்னோம். அங்கயே சொல்லிர்றனுங்க."

நாலாம் டேபிளைச் சுற்றி மறுபடியும் ஆட்கள் கூடினார்கள். லைனில் இருந்த ஹிந்திக்காரப் பையன்கள்கூட மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். முதஸ்ஸிர் டேபைத் தங்கராஜிடம் நீட்டினான். "அண்ணா, இதுல டிச்சு எங்கிருக்குதுன்னு காட்டுங்க."

தங்கராஜ் தேடினார். மேலே தள்ளினார், கீழே தள்ளினார். "அன்னிக்கு இருந்துச்சே." ரத்தினசாமி வாங்கிப் பார்த்தார். தரணி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "இல்லைங்களே" என்றாள். கடைசியில் அது செல்லத்தாய் அக்காவின் கைக்குப் போனது. அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, மற்றவர்களைவிட வெகுநேரம் தேடினார். உதட்டைக் கடித்துக்கொண்டு தேடினார். அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் முதஸ்ஸிருக்கு எல்லாவற்றையும்விடக் கொடுமையாக இருந்தது.

"தேடாதீங்க்கா. அதுல இல்லை. அன்னிக்கும் இல்லை" என்றான். "புரோகிராம்ல என்னோட தப்பு. புரியாததை அதுவே விட்டுப்போட்டுப் போற மாதிரி எழுதிவெச்சிருந்தேன். நீங்க டிச்சு இல்லைன்னு சொன்னதுதான் நெசம். அன்னிக்குக் காலைல நான் அவசர அவசரமா சரி பண்ணி அனுப்புனதைத்தான் தங்கராஜ் அண்ணன் உங்களுக்குக் காட்டுனாரு."

ரத்தினசாமி தொண்டையைச் செருமினார். "சரி, விடுங்க. வேணும்னேவா பண்ணியிருக்கான்? நாளையிலிருந்து நீங்க உங்க டேபிளுக்கே வந்துருங்கம்மா. தப்பா நெனச்சுக்காதீங்க." தங்கராஜ் தரையைப் பார்த்து, "நானும் வந்து பாக்காமப் போயிட்டனுங்க" என்றார்.

செல்லத்தாய் அக்கா கண்ணாடியைக் கழற்றினார். மூக்கில் அது அழுத்திய இடம் ரெண்டு பக்கமும் சிவந்திருந்தது. கண்ணாடி இல்லாத கண்ணால் முதஸ்ஸிரை நன்றாகப் பார்த்தார்.

"அன்னைக்கு உங்களப் பாத்துக் கேட்டேனே. நேத்து இது இருந்துச்சான்னு. அப்ப உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியுமுங்க்கா."

"தெரிஞ்சுதான் நின்னியளா?"

"ஆமாங்க்கா."

அக்கா தலையை மட்டும் ஆட்டினார். கண்ணாடியை மடித்துக் கூட்டில் போட்டுக்கொண்டு பிசிறு வெட்டும் இடத்துக்குத் திரும்பிப் போனார். அன்றைய வேலை அங்கேதான் இருந்தது.

மறுநாள் முதல் நாலாம் டேபிளில் இருக்கிறார். பார்சரை முதஸ்ஸிர் மாற்றிவிட்டான். புரியாதது எதுவாக இருந்தாலும் இப்போது திரை வராது, முழுக்கச் சிவப்பாகி நின்றுவிடும். 'இந்த இடம் எனக்குப் புரியவில்லை' என்று வரியோடு காட்டும். தரணி முணுமுணுக்கிறாள். "கொஞ்சம் மரியாதையாச் சொல்லச் சொல்லு கண்ணு" என்று ரத்தினசாமி கேட்டுப் பார்த்தார். "முடியாதுங்க" என்றான் முதஸ்ஸிர். இந்தக் கம்பெனியில் அவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது அதுதான் முதல் தடவை.

அவன் முன்பக்கப் படியிலேயே ஏறிப்போகிறான், கேண்டீனில் சாப்பிடுகிறான். செல்லத்தாய் அக்கா முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை. கேட்டால் பதில் சொல்கிறார், சிரிக்கவேண்டிய இடத்தில் சிரிக்கிறார். நோன்பு வந்தபோது, கொண்டுபோவதா வேண்டாமா என்று தயங்கித் தயங்கித்தான் கஞ்சித் தூக்கை எடுத்துப் போனான். அவர் ரெண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். டேபைக் காட்டி, "இதுல அளவுக்கு உள்ள பொத்தான் அமுங்க மாட்டேங்குது. கொஞ்சம் பாருங்க" என்றார்.

அவன் வாங்கிப் பார்த்தான். அழுக்கு படிந்திருந்தது, துடைத்துக் கொடுத்தான்.

"ரொம்ப நன்றி சார்" என்றார் அக்கா.

தம்பி என்று அவர் அவனைக் கூப்பிட்டு மாதக்கணக்காகிறது. அவனும் ஏன் என்று கேட்டதில்லை.